காய்ச்சல் வலிப்பு: வீட்டு முதலுதவியின் வரலாறு

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வரும் வலிப்பே காய்ச்சல் வலிப்பு. நூறு குழந்தைகளில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு ஒரு முறையாவது இது வருகிறது. கண் செருகும், பல் கிட்டிக்கொள்ளும், கை கால் வெட்டி வெட்டி இழுக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். இந்த இயல்புதான் இதன் வைத்திய வரலாற்றையே குழப்பியது. அந்தச் சில நிமிடங்களுக்குள் எதைச் செய்தாலும் அது பலித்ததாகவே தோன்றும்.

கடுங்காய்ச்சலில் சிறு பிள்ளைகளுக்கு இசிவு வரும் என்பதும், ஏழு வயது வரை அது எளிதில் வரும் என்பதும் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் கிரேக்க நூல்களிலேயே இருக்கிறது. தமிழகத்தில் பாலவாகடம் எனப்படும் குழந்தை வைத்திய நூல்கள் குழந்தைகளின் இழுப்பை மாந்தத்தோடும் தோஷத்தோடும் சேர்த்துப் பேசின. ஊர்ப் பேச்சில் அது ஜன்னி. கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வெங்காயத்தை நசுக்கி மூக்கருகே பிடிப்பதும் பலனற்றவை என்றாலும் பெரிய கெடுதல் இல்லாதவை. சூடு போடுவது அப்படியல்ல. பழுக்கக் காய்ச்சிய கம்பியாலோ தணலில் காட்டிய மஞ்சள் கொம்பாலோ சுட்ட தழும்பு ஆயுள் முழுக்க நின்றது. புண் சீழ்பிடித்து உயிருக்கு ஆபத்தான குழந்தைகளும் உண்டு.

ஐரோப்பா பழியைப் பல்மீது போட்டது. 16ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே, இறந்துபோன எட்டு மாதக் குழந்தை ஒன்றின் ஈறுகளைக் கீறிப் பார்த்தார். உள்ளே பற்கள் முளைக்கத் தயாராக இருந்தன. முன்பே கீறியிருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று முடிவு கட்டினார். எட்டு மாதக் குழந்தை எதன் ஈற்றைக் கீறினாலும் பல் தெரியத்தான் செய்யும் என்பது ஏனோ எடுபடவில்லை. அடுத்த மூன்று நூற்றாண்டுகளுக்கு வலிப்பு வந்த குழந்தையின் ஈற்றைக் கத்தியால் கீறுவது முறையான வைத்தியமாகவே நடந்தது. 1839இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 5,016 மரணங்கள் பல் முளைப்பின் கணக்கில் எழுதப்பட்டன. பல் முளைக்கும் பருவமும் காய்ச்சல் வலிப்பின் பருவமும் ஒன்றாக அமைந்ததே இந்தத் தவறுக்கு வேர். பல் முளைக்கும் குழந்தைகளுக்கு அக்காலத்தில் கொடுத்த பொடிகள் சிலவற்றில் பாதரச உப்பும் இருந்தது.

1860களில் கிளிஃபர்ட் ஆல்பட் கையடக்கமான வெப்பமானியை உருவாக்கிய பிறகு காய்ச்சலை அளப்பது எளிதாயிற்று. பழி பல்லிலிருந்து சூட்டுக்கு மாறியது. பனிக்கட்டி, குளிர்ந்த நீர், சாராயம் தடவுதல் என வழிமுறைகள் பெருகின. சாராயத்தின் நச்சு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் குழந்தையின் உடலில் ஏறும் என்பது பின்னர்தான் உறைத்தது. காய்ச்சல் மாத்திரையை வேளை தவறாமல் கொடுத்தால் வலிப்பைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கை இன்னும் வலுவாக இருக்கிறது. பின்லாந்தில் நடந்த ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. மருந்து குழந்தையின் அசதியைக் குறைக்கும், அவ்வளவுதான்.

1912இல் வந்த ஃபீனோபார்பிட்டால் மருந்தை, மீண்டும் வலிப்பு வராமலிருக்க வருடக்கணக்கில் கொடுக்கும் வழக்கம் பரவியது. காய்ச்சல் வலிப்பு பின்னாளில் கால்கை வலிப்பாக மாறிவிடும் என்ற பயமே காரணம். 1976இல் கேரின் நெல்சனும் ஜோனஸ் எலன்பர்க்கும் அந்தப் பயத்தின் அளவைச் சொன்னார்கள். அவர்கள் தொடர்ந்து கவனித்த 1,706 குழந்தைகளில், ஏழு வயதுக்குள் கால்கை வலிப்பு வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் மட்டுமே. 1990இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஃபீனோபார்பிட்டால் குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்ணையே குறைப்பதைக் காட்டியது. தினசரி மாத்திரை மெல்ல வழக்கொழிந்தது.

வீட்டிலேயே வலிப்பை நிறுத்தும் வழி 1970களில்தான் கைகூடியது. அதுவரை மருத்துவமனையில் நரம்பு வழியாக ஏற்றிய டயசெபாம் மருந்தை ஆசனவாய் வழியாகச் செலுத்தினாலும் சில நிமிடங்களில் வேலை செய்யும் என்று டென்மார்க்கில் காட்டினார்கள். பெற்றோரே சிறு குழாயால் அதைச் செலுத்தினார்கள். கன்னத்துள் விடும் மிடசோலாம் 1999இலும், மூக்கில் விடுவது 2000இலும் ஆய்வில் தேறின. இந்தியாவில் இன்று மருத்துவர் எழுதித் தருவது பெரும்பாலும் மூக்கில் அடிக்கும் மிடசோலாம் ஸ்பிரே. ஐந்து நிமிடம் தாண்டிய வலிப்புக்கே அது. அப்போதே 108க்கும் அழைக்க வேண்டும்.

மற்றபடி, இன்றைய முதலுதவியில் பாதி, முன்பு செய்ததைச் செய்யாமல் விடுவது. வாயில் கரண்டி திணிப்பது அதில் முதலாவது. நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில், மருத்துவமனைகளே துணி சுற்றிய கட்டையைக் கட்டில் தலைமாட்டில் வைத்திருந்த காலம் உண்டு. நாக்கை விழுங்கவே முடியாது. எதையாவது திணித்தால்தான் பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகலாம். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தருகே துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பார்ப்பதே மிச்சம். பிடித்து அமுக்கக் கூடாது. நினைவு தெளியும் வரை வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றக் கூடாது.

முதல் முறை வலிப்பு வந்த குழந்தையை மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம் மூளைக்காய்ச்சல். ஹைன்ரிக் குவின்கே 1891இல் முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்கும் முறையை அறிமுகப்படுத்திய பிறகே அதையும் காய்ச்சல் வலிப்பையும் உறுதியாகப் பிரித்தறிய முடிந்தது. மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கு எதிரான மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்திய அரசு 2011 டிசம்பரில் முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கியது. அவ்வகைத் தடுப்பூசிகள் பரவிய நாடுகளில் அந்த நீர்ப் பரிசோதனை எல்லோருக்கும் செய்யப்படுவதில்லை. கழுத்து விறைப்போ தெளியாத மயக்கமோ இருக்கும் குழந்தைகளுக்கும், தடுப்பூசி விடுபட்ட கைக்குழந்தைகளுக்கும் மட்டுமே பரிசீலிக்கப்படுகிறது.