மருந்தலமாரியை விட்டுக் கஞ்சா போன வரலாறு

1839-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வில்லியம் புரூக் ஓஷானெசி கஞ்சாவைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். அயர்லாந்தில் பிறந்து கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியில் வந்தவர். பின்னாளில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி போட்டவரும் இவர்தான். உள்ளூர் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் கேட்டறிந்தார், பழைய நூல்களைப் படிக்கவைத்துக் கேட்டார், விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பிறகே நோயாளிகளிடம் போனார். ரணஜன்னியில் உடல் வில்லாய் வளைந்தவர்களுக்கு இழுப்பு தளர்ந்தது. வெறிநாய்க்கடி நோயாளி பிழைக்கவில்லை, ஆனால் அவருடைய கடைசி வேதனை தணிந்தது. 40 நாள் பெண்குழந்தை ஒன்றுக்கு, வேறெந்தச் சிகிச்சையிலும் நிற்காத வலிப்பு கஞ்சாச் சாராயத் துளிகளில் அடங்கியது. இன்றைய அளவுகோலில் இவற்றை நிரூபணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்திய வைத்திய அறிவை ஆங்கில மருத்துவத்தின் முறைப்படி சோதித்த முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று. அங்கிருந்துதான் கஞ்சா லண்டன் மருந்துக்கடைகளுக்குப் போனது. விக்டோரியா அரசியின் மருத்துவர்களில் ஒருவரான ரஸ்ஸல் ரெனால்ட்ஸ் 30 ஆண்டு அனுபவத்தை வைத்து 1890-இல் 'லான்செட்' இதழில் அதைப் பரிந்துரைத்தார்.

அப்படிப்பட்ட மருந்து ஏன் அலமாரியை விட்டுப் போனது? கெடுதல் கண்டுபிடிக்கப்பட்டதால் என்பது பலருடைய நினைப்பு. உண்மைக் காரணம் வேறு. ஒரு புட்டியின் வீரியம் அடுத்த புட்டியில் இருக்காது. ஒரு வயல் சரக்கு தூங்கவைக்கும், இன்னொன்று ஒன்றுமே செய்யாது. அதன் சாரம் நீரில் கரையாது என்பதால், ஊசி மருந்து வந்த காலத்தில் மார்ஃபின் முன்னேறியது, கஞ்சா பின்தங்கியது. 1899-இல் ஆஸ்பிரின் வந்தது, அடுத்த சில ஆண்டுகளில் தூக்க மாத்திரைகளும் வந்தன. அளவு தெரியாத மருந்தை எந்த மருத்துவர் விரும்புவார்? பிரிட்டிஷ் மருந்து நூல் 1932-இலும் அமெரிக்க மருந்து நூல் 1942-இலும் அதன் பெயரை நீக்கின.

கஞ்சாவைத் தடுத்த சட்டம் வந்த வழியோ முற்றிலும் தனி. கஞ்சாவால் இந்தியப் பைத்தியக்கார விடுதிகள் நிரம்புகின்றன என்ற குற்றச்சாட்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழவே, 1893-இல் இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. ஏழு உறுப்பினர்களில் மூவர் இந்தியர். 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். ஆணையம் செய்த மிக அரிய வேலை, விடுதிப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததுதான். பின்புலம் தெரியாத ஒருவரைப் போலீசார் கொண்டுவந்து விடுவார்கள். படிவத்தில் 'நோய்க்குக் காரணம்' என்ற இடத்தை நிரப்பியாக வேண்டும். கஞ்சா என்று எழுதிவிடுவார்கள். அதுவே ஆண்டறிக்கையில் புள்ளிவிவரமானது. 1892-இல் கஞ்சாவின் கணக்கில் எழுதப்பட்ட சேர்க்கைகளை மறுவிசாரணை செய்தபோது பாதிக்கும் மேற்பட்டவை நிற்கவில்லை. மிதமான பயன்பாட்டால் பெருந்தீங்கு இல்லை, மிதமிஞ்சினால் கேடு உண்டு, முழுத் தடை வேண்டாம், உரிமமும் வரியும் போதும் என்று ஆணையம் முடிவு சொன்னது. காலனி அரசுக்குக் கஞ்சா வரியில் ஆதாயம் இருந்தது உண்மை. அதனால் முடிவைச் சந்தேகிக்கலாம், ஆனால் பதிவேட்டுச் சோதனையை அப்படித் தள்ளிவிட முடியாது.

இருந்தும் 1924-25-இல் ஜெனீவாவில் நடந்த போதைப்பொருள் மாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எல் குயிந்தி, தம் நாட்டுப் பைத்தியத்தில் 30 முதல் 60 விழுக்காடு ஹஷீஷால் வந்தது என்று முழங்கினார். மறுபடியும் விடுதிக் கணக்குதான்! சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் கஞ்சா நுழைந்தது. 1961-இன் ஐ.நா. ஒப்பந்தம் அதை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. பூவில்லாத இலையை விலக்கிவைக்கவும், மருத்துவமல்லாத பயன்பாட்டை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் தரவும் அதில் இடமிருந்தது. அந்த அவகாசம் தீருமுன்பே, 1985 நவம்பரில், இந்தியாவின் போதைப்பொருள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

மருத்துவம் கஞ்சாவைக் கைவிட்ட காரணம் இன்று இல்லை. 1964-இல் இஸ்ரேலில் வேதியியலாளர்கள் மெக்கௌலமும் கவோனியும் போதை தரும் டி.எச்.சி.யைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். இப்போது ஒவ்வொரு சாரத்தையும் மில்லிகிராமில் அளக்கலாம். கஞ்சாவின் போதை தராத சாரமான சி.பி.டி.யைக் கொண்டு செய்த வலிப்பு மருந்துக்கு, முறையான சோதனைகளுக்குப் பின், 2018 ஜூனில் அமெரிக்கா ஒப்புதல் தந்தது. டிரவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்னும் கொடிய வலிப்பு நோய்களில் வேறு மருந்து கேட்காத குழந்தைகளுக்காக வந்தது அது. ஓஷானெசி 1839-இல் தொட்ட இடமும் குழந்தையின் வலிப்புதான் என்பதை நம் மருத்துவக் கல்லூரிகள் சொல்லித்தர வேண்டும்.

மனநோய் வராதா என்பார்கள். வரும். இளவயதில், வீரியம் மிகுந்த கஞ்சாவைத் தொடர்ந்து புகைப்போருக்கு மனச்சிதைவின் ஆபத்து கூடுகிறது என்பதற்கு இன்று வலுவான சான்று இருக்கிறது. அதனால்தான் அளவும் வயதும் பார்த்து மருத்துவர் எழுதித் தரும் மருந்தாக அது இருக்க வேண்டும் என்கிறேன். புற்றுநோயையே குணமாக்கும் என்று எண்ணெய்க் குப்பி விற்பவர்களுக்கும் இந்த வாதத்தில் இடமில்லை. கீமோதெரபி வாந்தி, தண்டுவட மரப்பு நோயின் தசையிறுக்கம், சில வகை வலிப்பு ஆகியவற்றுக்குச் சான்று உண்டு. மற்றவற்றுக்குச் சோதனைகள் நடக்கட்டும்.

மருந்துக்காகக் கஞ்சா பயிரிட உரிமம் கொடுத்தால் சரக்கு கள்ளச்சந்தைக்குக் கசியும் என்பது அடுத்த அச்சம். இதைவிட ஆபத்தான அபினிச் செடியை மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேச உழவர்கள் அரசு உரிமத்தோடு இன்றும் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசு ஆலைகள் இயங்குகின்றன. கண்காணிப்பு எளிதென்று சொல்லவில்லை, ஆனால் அதைச் செய்யத் தெரிந்த துறை நம்மிடம் இருக்கிறது. மிகை அச்சத்துக்குக் கொடுத்த விலையையும் அந்தச் செடியே காட்டியது. 1985-க்குப் பின் உரிமச் சிக்கலால், அபினியிலிருந்து எடுக்கும் மார்ஃபினின் பயன்பாடு மருத்துவமனைகளில் அதலபாதாளத்துக்குப் போனது. புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். வலிநிவாரண மருத்துவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடிய பிறகே 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது.

2020 டிசம்பர் 2 அன்று ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை 1961-இன் கடும் பட்டியலிலிருந்து நீக்கியது. 27 நாடுகள் ஆதரித்தன, 25 எதிர்த்தன. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 1985-இன் சட்டத்திலும் எட்டாம் பிரிவு மருத்துவத் தேவைக்கு விலக்கு அளித்திருக்கிறது. முற்றிலும் புதிய சட்டம் தேவையில்லை. 2014-இல் மார்ஃபினுக்குச் செய்ததுபோல் இருக்கும் சட்டத்தைத் திருத்தி, சாகுபடிக்கும் தயாரிப்புக்கும் மருந்துச்சீட்டுக்கும் நாடு முழுவதும் ஒரே சீரான, எளிய விதிகளை மத்திய அரசு வகுத்தால் போதும்.