இன்பப் பயணமும் உறுதியான ஓட்டமும்



கார் ஒன்றை வாங்க விரும்பும் குடும்பத்தார் அதனிடம் இரண்டு குணங்களை எதிர்பார்க்கின்றனர். மேடுபள்ளமான சாலையிலும் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உடலைக் குலுக்காமல் அது செல்ல வேண்டும், இது முதற்குணம். வளைவிலும், திடீரென்று ஒதுங்க நேரும்போதும், ஓட்டுநரின் கைக்கு அடங்கி, சாலையை விட்டு விலகாமல் ஓட வேண்டும். இது இரண்டாவது குணம். முன்னதைச் சொகுசு என்றும் பின்னதைப் பிடிப்பு என்றும் வைத்துக்கொள்வோம்.

இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகை என்பது பொதுவான எண்ணம். அதற்குக் காரணமும் உண்டு. சக்கரத்திற்கும் வண்டியின் உடலுக்கும் இடையே இருக்கும் வில், அதாவது ஸ்பிரிங், மென்மையாக இருந்தால் பள்ளத்தின் அதிர்ச்சி உள்ளே எட்டாது. ஆனால் வளைவில் வண்டி ஒருபுறமாகச் சாயும். வில் கடினமாக இருந்தால் சாய்வு குறையும்; ஆனால் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். இந்தப் பகையை மனிதன் எவ்வாறு படிப்படியாகத் தீர்த்தான், தீர்க்கும் வழியில் எங்கெங்கே இடறினான் என்பதே இன்று நாம் காணப்போகும் வரலாறு.

தொடங்குமுன் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். சொகுசு, காரை வாங்கும் நாளிலேயே தெரிந்துவிடும். பிடிப்பின் அருமையோ, சாலையின் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும் அந்த ஒரு கணத்திலேதான் தெரியும். ஆகவே முன்னதை விற்பது எளிது. பின்னதை விற்பது அரிது. இவ்வரலாறு முழுவதிலும் இந்த ஏற்றத்தாழ்வு மறைந்து நின்று வேலை செய்வதைக் காண்பீர்கள்.

மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்னரே இக்கதை தொடங்கிவிட்டது. ஐரோப்பாவின் பழைய குதிரை வண்டிகளில் பயணிகள் அமரும் பெட்டியைத் தோல் வார்களில் தொங்கவிட்டிருந்தனர். 1804-ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் என்பவர், எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்ட வடிவில் அமைத்த வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வண்டிகள் இலகுவாயின, பயணமும் இதமாயிற்று. நம் நாட்டிலும் மாட்டு வண்டியில் பட்டைவில்லைப் பொருத்தியபோது, மக்கள் அதற்கு வில்வண்டி என்றே பெயரிட்டனர். வண்டியின் மற்றெல்லாப் பாகங்களையும் விட்டுவிட்டு வில்லின் பெயரையே அதற்குச் சூட்டினர் என்றால், அந்த வில் தந்த சுகம் எத்தகையதாக இருந்திருக்கும்!

வில்லின் இயல்பை அறிய ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள நூலில் ஒரு சிறு கல்லைக் கட்டி ஊசலாக ஆடவிடுங்கள். அது ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். நூலை 6 சென்டிமீட்டராகக் குறையுங்கள். இப்போது அரை விநாடிதான் ஆகும். வண்டியின் வில்லும் இவ்விதிக்கே கட்டுப்பட்டது. பாரத்தால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறதோ, அத்தனை நீளமுள்ள ஊசலின் வேகத்திலேயே வண்டி மேலும் கீழும் ஆடும். விநாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடும் ஆட்டம் நம் உடலுக்கு ஒத்துக்கொள்கிறது. நாம் நடக்கும்போது உடல் எழுந்து தாழும் வேகத்திற்கு அது நெருங்கியது. விநாடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வே உடலை மிகவும் வருத்துவது. எனவே சொகுசு வேண்டுமாயின் வில் நன்றாக அமுங்க வேண்டும் என்பது தெளிவு.

ஆனால் 1920-களின் கார்களில் அவ்வாறு செய்ய இயலவில்லை. அக்காலத்தில் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு அச்சின் இரு முனைகளில் பூட்டப்பட்டிருந்தன. முன்வில்லை மென்மையாக்கினால் முன்சக்கரங்கள் படபடவென்று நடுங்கின. பிரேக்கை அழுத்தினால் அச்சு முறுகியது. ஸ்டீரிங் ஓட்டுநரின் கைக்கு அடங்கவில்லை. ஆகவே முன்வில்லைக் கடினமாகவும் பின்வில்லை மென்மையாகவும் வைத்தனர். இதன் விளைவு யாது? மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். அது வேகமாக எழுந்து தாழும். பின்புறமோ பிறகு மெல்ல எழும். முன்னும் பின்னும் ஒத்துப்போகாமல், கடலிற் படகைப் போல வண்டி தலையை ஆட்டிக்கொண்டு சென்றது. பின்னிருக்கையில் அமர்ந்தவர்களே பெரிதும் துன்புற்றனர்.

இக்குறையை ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் மாரிஸ் ஆலி என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபின் 1930-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். 1932-இல் எழுவர் அமரக்கூடிய பெரிய கார் ஒன்றைச் சோதனை வண்டியாக மாற்றினார். அதில் எடைகளை முன்னும் பின்னும் நகர்த்தலாம். வில்லின் கடினத்தையும் விருப்பம்போல் மாற்றலாம். சொகுசை அளக்கத்தக்க கருவி அப்போது இல்லை. ஆகவே பலரை அவ்வண்டியில் ஏற்றிச் சென்று, ஒவ்வொரு மாறுதலின்போதும் அவர்கள் உணர்ந்ததைக் கேட்டறிந்தார். மனித உடலே அங்கு அளவுகோலாயிற்று.

அச்சோதனை வழக்கத்திற்கு நேர்மாறான உண்மையைக் காட்டியது. முன்வில்லே பின்வில்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். அப்போது, பிந்தி எழும் பின்புறம் சற்று வேகமாக ஆடி முன்புறத்தை எட்டிப் பிடிக்கிறது. வண்டி தலையாட்டாமல் சமமாக எழுந்து சமமாகத் தாழ்கிறது. ஆனால் முன்வில்லை மென்மையாக்க வேண்டுமானால் முன் அச்சை ஒழிக்க வேண்டும். இரு சக்கரங்களும் தனித்தனியே எழுந்து தாழ வேண்டும். இத்தாலியில் லான்சியா லாம்டா என்ற கார் 1922-லேயே இவ்வழியைக் காட்டியிருந்தது. 1934-ஆம் ஆண்டின் மாதிரிகளில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இதனைப் பெருமளவிற் கையாண்டது. நடுத்தரக் குடும்பத்தின் காரிலும் சொகுசு வந்து சேர்ந்தது.

அதனோடு ஒரு புதிய பொறுப்பும் வந்தது. மென்மையாகிவிட்ட கார் வளைவில் எவ்வாறு நடந்துகொள்ளும்? ஆலியும் அவருடைய தோழர்களும் இதையும் ஆராய்ந்தனர். ஓட்டுநர் திருப்பிய அளவைக் காட்டிலும் குறைவாகத் திரும்புவது ஒருவகை. அதைக் குறைதிருப்பம் எனலாம். அளவுக்கு மீறித் திரும்பிப் பின்புறம் வீசியெறியப்படுவது மற்றொரு வகை, அது மிகைதிருப்பம். சாதாரண ஓட்டுநருக்குச் சிறிதளவு குறைதிருப்பமே பாதுகாப்பு. ஏனெனில், கார் போதிய அளவு திரும்பாதபோது, ஸ்டீரிங்கை இன்னும் சற்றுத் திருப்பி வேகத்தைக் குறைப்பது எவர்க்கும் இயல்பாகவே தோன்றும் செயல். மிகைதிருப்பத்தை அடக்கவோ பயிற்சியும் நிதானமும் வேண்டும்.

இங்கேதான் பகையைத் தீர்க்கும் வழி புலப்படுகிறது. சொகுசையும் பிடிப்பையும் ஒரே வில்லிடம் கேட்டதனாலேயே அவை பகையாயின. வேலையைப் பல உறுப்புகளுக்குப் பகிர்ந்தளித்தால் பகை தணியும். வில் பாரத்தைத் தாங்கட்டும். அதன் ஆட்டத்தை அடக்கும் வேலையை எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர் ஏற்கட்டும். இடச்சக்கரத்தையும் வலச்சக்கரத்தையும் ஒரு முறுக்குத் தண்டால் இணைப்போம். இரு சக்கரங்களும் ஒன்றாக மேட்டில் ஏறினால் அத்தண்டு வாளாவிருக்கும். வண்டி ஒருபுறம் சாயும்போது மட்டும் முறுகி எதிர்த்து நிற்கும். மைக்கெலின் நிறுவனம் 1940-களின் இறுதியில் கொண்டுவந்த ரேடியல் டயரும் இத்தகைய பங்காளியே. அதன் பக்கச்சுவர் வளைந்து கொடுத்து அதிர்ச்சியை ஏற்கும். தரையைத் தொடும் பகுதியோ உறுதியாக நின்று சாலையைப் பற்றும்.

போருக்குப் பிந்திய பிரெஞ்சு நாடு இத்துறையில் தனிப்புகழ் பெற்றது. 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் சித்ரோன் நிறுவனத்தின் 2சிவி என்ற எளிய கார் காட்டப்பட்டது. உழுத வயலின் ஊடே ஒரு கூடை முட்டைகளை உடையாமற் கொண்டுசெல்ல வேண்டும் என்பது, அந்நிறுவனத் தலைவர் பியேர் பூலான்ஜே விதித்த நிபந்தனை என்று கூறுவர். 1955-இல் அதே நிறுவனத்தின் டிஎஸ் என்ற கார் வெளிவந்தது. அதில் எஃகு வில்லே இல்லை. பால் மாஜெஸ் என்பார் வகுத்த முறைப்படி, உருண்டைகளில் அடைக்கப்பட்ட நைட்ரஜன் வாயுவே வில்லாயிற்று. எண்ணெய் அதற்கு அழுத்தத்தைக் கொண்டுசென்றது.

குடும்பக் காருக்கே உரிய ஒரு சிக்கலையும் இம்முறை தீர்த்தது. இன்று ஓட்டுநர் ஒருவர் மட்டும் செல்வார். நாளை ஐவரும் அவர்தம் பெட்டிகளும் ஏறும். ஒருவருக்கு ஏற்ற மென்மையான வில் ஐவர் ஏறினால் அடிவரை அமுங்கிவிடும். ஐவருக்கு ஏற்ற வில் ஒருவரைக் குலுக்கியெடுக்கும். டிஎஸ் காரிலோ, பாரம் ஏறினால் எண்ணெய் தானே பாய்ந்து வண்டியைப் பழைய உயரத்திற்குத் தூக்கியது. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-இல், பாரிசுக்கு அருகே பெத்தி கிளமார் என்னுமிடத்தில், குடியரசுத் தலைவர் டி கால் சென்ற டிஎஸ் காரைக் கொலையாளிகள் சுட்டனர். டயர்கள் துளைபட்டும் வண்டி நிலைகுலையாது ஓடி அவரைக் காத்தது. சொகுசும் உறுதியும் ஓரிடத்தில் வாழலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் அதே காலத்தில் அமெரிக்காவில் மறுபக்கமும் வெளிப்பட்டது. செவ்ரோலே கார்வேர் என்ற குடும்பக் கார் 1960-ஆம் ஆண்டின் மாதிரியாக வெளிவந்தது. அதன் இயந்திரம் பின்புறத்தில் இருந்தது. பின்சக்கரங்கள் தொங்கும் அரை அச்சுகளில் ஆடின. கடுமையான திருப்பத்தில் வெளிப்புறச் சக்கரம் உட்புறமாக மடங்க இடமுண்டு. நான் முன்பு கூறிய முறுக்குத் தண்டை, செலவு கருதி முன்புறத்தில் வைக்காது விட்டனர். அதற்கு ஈடாக முன்டயர்களில் காற்றைக் குறைத்தும் பின்டயர்களில் மிகுத்தும் வைக்குமாறு கூறினர். எத்தனை பேர் இதை நினைவிற் கொள்வார்கள்? 1964-இல் அத்தண்டு சேர்க்கப்பட்டது. 1965-இல் பின்புற அமைப்பே மாற்றப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ரால்ஃப் நேடர் எழுதிய நூல் இக்காரைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டியது. 1966-இல் அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1972-இல் அரசு வெளியிட்ட சோதனை அறிக்கையோ, அக்கார் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமானதன்று என்று கூறியது. தீர்ப்பு இருவகைப்பட்டாலும் பாடம் ஒன்றே: பாதுகாப்பைப் பொறியின் அமைப்பிலே வைக்க வேண்டும், காற்றடிப்பவரின் நினைவாற்றலில் வைத்தல் ஆகாது.

சாலையும் இதில் ஒரு பங்காளி என்பதை நம் நாட்டின் அனுபவம் காட்டும். ஆங்கிலேயரின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரிலிருந்து தோன்றிய அம்பாசிடர், 2014-இல் உற்பத்தி நிற்கும் வரையில், பின்புறத்தில் திண்ணிய அச்சையும் பட்டைவில்லையுமே கொண்டிருந்தது. கூர்மையான ஓட்டத்திற்கு அது பெயர் பெற்றதன்று. ஆனால் குண்டும் குழியுமான சாலையைத் தாங்கியது. மிகுந்த பாரத்தைச் சுமந்தது. எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பழுது பார்க்க முடிந்தது. சென்னையில் 1961 முதல் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரிலோ பின்சக்கரங்கள் தனித்தனியே எழுந்து தாழ்ந்தன. அந்நுட்பத்தின்மீது வாங்குவோர் பலருக்கும் மெக்கானிக்குகளுக்கும் நம்பிக்கை பிறக்கவில்லை. ஆகவே 1970-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட கெஸெல் காரில் மீண்டும் திண்ணிய அச்சே இடம்பெற்றது. நுட்பத்தில் முந்தியது எப்போதும் வெல்வதில்லை. அது ஓடும் சாலைக்கும் பழுது பார்க்கும் கைக்கும் பொருந்த வேண்டும்.

அண்மைக் காலத்தில் மின்னணுக் கருவிகள் இப்பணியிற் பங்கு கொண்டன. 1997-இல் சுவீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் காட்டுமானுக்காகத் திடீரென்று ஒதுங்குவது போன்ற சோதனையை நடத்தியது. அதில் மெர்சிடிஸ் நிறுவனத்தின் புதிய ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. நிறுவனம் விற்பனையை நிறுத்தி வைத்து, வில்லமைப்பைத் திருத்தி, சறுக்கும் சக்கரத்தை உணர்ந்து தானே பிரேக்கிடும் கருவியை எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் பொருத்தியது. அவ்வகைக் கருவி 2012-ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமாயிற்று. ஆலி ஆராய்ச்சி நடத்திய அதே காடிலாக் நிறுவனம், இரும்புத் துகள் கலந்த திரவத்தைக் கொண்ட ஷாக் அப்சார்பரை 2002-இல் அறிமுகம் செய்தது. மின்காந்தத்தால் அத்திரவம் கணப்போதில் இறுகும், இளகும். நேர்சாலையில் மென்மை, வளைவில் உறுதி என்ற கனவு அங்ஙனம் பெரும்பாலும் நனவாயிற்று.

மாணவர்களே, இருநூறு ஆண்டு வரலாற்றின் சாரம் இதுதான். மென்மையா, உறுதியா என்று ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் துறந்தவர்கள் அரைவெற்றியே கண்டனர். ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்குரிய வேலையைப் பிரித்துக் கொடுத்தவர்களே முழுவெற்றி பெற்றனர். நாளை உங்களுள் சிலர் பொறியியலாளர் ஆகலாம்; பலர் கார் வாங்குவோர் ஆகலாம். இருக்கை மெத்தென்று இருக்கிறதா என்று பார்ப்பதில் தவறில்லை. அதனோடு, ஐவரை ஏற்றிக்கொண்டு வளைவிலே திருப்பினால் இவ்வண்டி எவ்வாறு நடந்துகொள்ளும் என்றும் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கும் மக்கள் பெருகினால்தான், கண்ணுக்குத் தெரியாத அந்த முறுக்குத் தண்டைச் செலவு கருதி விட்டுவிடும் துணிவு எவர்க்கும் வாராது.