டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்றுதல் (நாற்சக்கர இயக்க வாகனங்கள்)

நாற்சக்கர இயக்க வாகனங்களின் முன், பின் ஆக்சில்களில் உள்ள டிஃபரன்ஷியல் பெட்டியிலிருந்து பழைய கியர் ஆயிலை வடித்துவிட்டுப் புதியதை நிரப்பும் பராமரிப்பு வேலை இது. பட்டறைகளில் 'கிரவுன் ஆயில் மாற்றுவது' என்பார்கள். பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் வண்டியில் டிஃபரன்ஷியல் ஒன்றுதான் இருக்கும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் இரண்டு. எப்போதும் நான்கு சக்கரத்திலும் ஓடும் வகைகளில் நடுவில் மூன்றாவதும் உண்டு. அது பெரும்பாலும், சுழற்சியை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேசுக்குள் அமைந்து, அதன் எண்ணெயையே பகிர்ந்துகொள்ளும்.

கைப்பழக்கம் உள்ளவர் வீட்டு வாசலிலேயே ஒரு முற்பகலில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடப்படுவதும் இதுவே. என்ஜினுக்கு ஆயில் பம்ப், ஃபில்டர், எச்சரிக்கை விளக்கு எல்லாம் உண்டு. டிஃபரன்ஷியலில் பொதுவாக இவற்றில் எதுவும் கிடையாது. பற்களிலிருந்து தேய்ந்து விழும் இரும்புத்தூள் முழுவதும் அதே எண்ணெயில் கிடந்து சுற்றுகிறது. உள்ளே கோளாறு தொடங்கியிருந்தால், சத்தம் வரும்வரை அதைச் சொல்லக்கூடியது வடிகிற எண்ணெய் மட்டுமே.

எண்ணெய் செய்யும் வேலை

வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருளவேண்டும். இரண்டையும் ஒரே தண்டில் இறுகப் பிணைத்தால் ஏதாவது ஒன்று தரையில் உரசி இழுபடும். இதற்குத் தீர்வான பல்லிணை அமைப்புக்குப் பிரான்சின் ஒனெசிஃபோர் பெக்கர் 1827இல் காப்புரிமை பெற்றார். புரொப்பெல்லர் ஷாஃப்டின் சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பி, வேகத்தைக் குறைத்து, இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் வேலையை இன்று கிரவுன் வீல், பினியன், அவற்றின் நடுவே சுழலும் சிறு பல்சக்கரங்கள் ஆகியவை சேர்ந்து செய்கின்றன.

1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் ஹைப்பாயிட் என்னும் பல்வடிவத்தைக் கொண்டுவந்தது. பேக்கார்டு கார்கள் அதை முதலில் ஏற்றவற்றுள் சேரும். இதில் பினியனின் அச்சு கிரவுனின் மையத்தை வெட்டாமல் சற்று விலகி நிற்கும். பல் பெரிதாகும், வலுக் கூடும், சத்தம் குறையும். ஆனால் பல்லின் மேல் பல் உருள்வதோடு நில்லாமல் பலத்த அழுத்தத்தில் வழுக்கவும் செய்யும். சாதாரண எண்ணெயின் படலம் அந்த அழுத்தத்தில் பிதுங்கி வெளியேறிவிடும். ஆகவே கந்தகமும் பாஸ்பரசும் கொண்ட சேர்மானங்களைக் கலக்கிறார்கள். உராய்வின் சூட்டில் இவை எஃகின் மேற்பரப்போடு வினைபுரிந்து ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. கியர் ஆயிலுக்கே உரிய, சட்டையை இரண்டு முறை துவைத்தாலும் போகாத நாற்றம் இந்தக் கந்தகத்தால் வருவது.

பெட்டியின் அடியில் தேங்கியிருக்கும் எண்ணெயில் கிரவுன் வீலின் கீழ்ப்பகுதி முழுகி, சுழலும்போது வாரி மேலே வீசும். பினியன் பேரிங்குகளுக்கு எண்ணெய் போய்ச் சேர்வது இப்படித்தான். எண்ணெய் மட்டம் குறைந்தால் முதலில் காய்வதும் அவையே.

எந்த எண்ணெய்

கியர் ஆயிலின் தரத்தை அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஜிஎல் எண்ணால் குறிப்பர். ஹைப்பாயிட் பற்களுக்கு ஜிஎல்-5 வேண்டும். ஜிஎல்-4இல் அழுத்தம் தாங்கும் சேர்மானம் ஏறத்தாழப் பாதிதான். எண் பெரிது என்பதற்காக ஜிஎல்-5ஐக் கியர்பாக்சிலும் ஊற்றிவிடும் பழக்கம் உண்டு; அங்கேயுள்ள பித்தளை சிங்க்ரோ வளையங்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். டிரான்ஸ்ஃபர் கேசுக்கும் கையேடு சொல்வதே கணக்கு. சில வண்டிகளில் அங்கே ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் எண்ணெய் போகும்.

பிசுக்குமையில் 80டபிள்யூ-90, 75டபிள்யூ-90, பாரம் இழுப்பவற்றுக்கு 85டபிள்யூ-140 ஆகியவை பரவலானவை. 90 என்ற எண்ணைப் பார்த்து என்ஜின் ஆயிலைவிட இரு மடங்கு கெட்டி என்று நினைக்க வேண்டாம். இரண்டின் அளவுகோலும் வேறு. 90 கியர் ஆயில் சூட்டில் ஏறத்தாழ 40 அல்லது 50 என்ஜின் ஆயில் அளவுக்கே கெட்டி. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தக் கிளட்ச் தகடுகள் கொண்ட லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலுக்கு உராய்வைச் சீராக்கும் தனிச் சேர்மானம் தேவை. அது இல்லையென்றால் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கம் அதிர்ந்து முனகும்.

எப்போது மாற்றுவது என்பதற்குக் கையேட்டின் அட்டவணையே வழி. பெரும்பாலான வண்டிகளுக்கு அது 40,000 முதல் 80,000 கிலோமீட்டருக்குள் அமையும். தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. ஓடிச் சூடேறிய ஆக்சில் ஓடைநீரில் முழுகியதும் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். ஆக்சிலின் காற்றுப்போக்கியான பிரீதர் அடைத்திருந்தால் அந்த வெற்றிடம் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். அச்சளவு தண்ணீரில் நின்ற வண்டியின் எண்ணெயை, கிலோமீட்டரைப் பாராமல், அந்த வாரமே சிறிது வடித்துப் பார்ப்பது நல்லது.

மாருதி ஜிப்சி

சுசூகியின் எஸ்ஜே வரிசையிலிருந்து பிறந்து 1985இல் இந்தியாவில் அறிமுகமான ஜிப்சி, வீட்டில் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஏற்ற வண்டி. இரு பக்கமும் திட ஆக்சில். இரண்டிலும் நிரப்பும் பிளக்கும் வடிக்கும் பிளக்கும் தனித்தனியே உண்டு. முன்னதற்கு ஏறத்தாழ 2 லிட்டர், பின்னதற்கு ஏறத்தாழ 1.5 லிட்டர் பிடிக்கும். முன்பக்கம்தான் அதிகம் என்பதைக் கவனிக்காமல், கடையில் எண்ணெய் குறைவாக வாங்கிவிடுவது எளிது.

முன்சக்கரத்தை ஆக்சில் தண்டிலிருந்து பிரித்துவிடக்கூடிய ஃப்ரீவீல் ஹப் பொருத்திய ஜிப்சியில் ஹப்பை விடுவித்து ஓட்டினால் முன் டிஃபரன்ஷியல் சுழலாது. எண்ணெய் தேயாது என்பது உண்மை. ஆனால் மேற்புறப் பேரிங்குகள் எண்ணெய் காணாமல் மாதக்கணக்கில் நிற்கும், ஈரமும் சேரும். மாற்றுவதற்கு முன் எண்ணெயைச் சூடாக்க, ஹப்பைப் பூட்டிவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸ் லீவரை இருசக்கர இயக்க நிலையிலேயே வைத்து ஓட்டினால் போதும். முன் பற்கள் சக்கரத்தோடு சேர்ந்து சுழலும், கெட்டிச் சாலையிலும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளாது.

முன் ஆக்சிலின் இரு முனைகளிலும் உள்ள உருண்டையான நக்கிள்களில் இருக்க வேண்டியது கிரீஸ். உள் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் நக்கிளுக்குள் கசிந்து கிரீசைக் கரைக்கும். முன் டிஃபரன்ஷியலில் அளவு குறைந்து, சக்கரத்தின் உட்புறம் கறுப்பாக வழிந்திருந்தால் இதுவே காரணம். புது எண்ணெய் ஊற்றினாலும் அது அங்கேயே போகும். சீலை மாற்றியாக வேண்டும்.

மாற்றும் முறை

பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி வந்தால் எண்ணெய் இளகி, அடியில் படிந்த தூளும் கலங்கி வடியும். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பெரும்பாலான நாற்சக்கர இயக்க வண்டிகளின் அடியில் ஜாக்கி இல்லாமலே நுழைந்துவிடலாம், அதுவே பாதுகாப்பு. தூக்கித்தான் ஆகவேண்டுமென்றால் நான்கு பக்கமும் ஸ்டாண்டில் ஒரே மட்டமாக நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் எண்ணெய் மட்டம் பொய்யாகக் காட்டும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அவற்றின் கைப்பிரேக் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கியதும் அது எதிர்த்திசையில் சுழல, தரையிலுள்ள மற்றச் சக்கரம் உருளத் தொடங்கிவிடும். டிஃபரன்ஷியலின் இயல்பே அது. சக்கரங்களுக்குக் கட்டை வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது.

முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் பிளக். இந்த வரிசையை மாற்றவே கூடாது. பல ஆண்டு திறக்காத பிளக் துருவேறி இறுகியிருக்கலாம், அதன் முனை மழுங்கியிருக்கலாம். கீழே எண்ணெயை முழுக்க வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் வர மறுத்தால், ஓட்டமுடியாத வண்டி வாசலில் நிற்கும். பிளக்கைச் சுற்றியுள்ள சேற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் திரவம் தெளித்துச் சிறிது பொறுத்துத் திருகலாம்.

மேல் பிளக் வந்த பிறகு கீழ்ப் பிளக்கைத் திறந்து, சொட்டுவது நிற்கும்வரை விட வேண்டும். டேனா ஆக்சில் கொண்ட பழைய ஜீப் வகைகள் பலவற்றில் வடிக்கும் பிளக்கே கிடையாது. பின்மூடியைக் கழற்ற வேண்டும். மேல் போல்ட்டுகளைத் தளர்த்தி மட்டும் வைத்து, மற்றவற்றை எடுத்துவிட்டு, மூடியின் அடிப்பகுதியை மெல்ல நெம்பினால் எண்ணெய் அந்த இடுக்கில் இறங்கும். திரும்பப் பூட்டும்போது இரு முகங்களிலும் பழைய பசையைச் சுரண்டித் துடைத்து, போல்ட் துளைகளின் உட்புறமாக இடைவெளி விடாமல் சிலிக்கான் கேஸ்கெட் பசையை ஓட்ட வேண்டும். எண்ணெய் ஊற்றுவதற்கு முன் அது காய்வதற்குப் பசைக் குழாயில் குறித்துள்ள நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

நிரப்ப, கைப்பம்போ குழாய் செருகிய பெரிய சிரிஞ்சோ போதும். எண்ணெய் டப்பாவைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் எளிதாக ஓடும். சென்னைக் கோடையில் இதற்குத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை. துளையின் விளிம்பில் எண்ணெய் எட்டி வழியத் தொடங்குவதே அளவு. துளைக்குச் சற்றுக் கீழே மட்டம் வைக்கச் சொல்லும் வண்டிகளும் உண்டு. வழிந்து ஓய்ந்ததும் புது வாஷரோடு பிளக்கை, கையேடு சொல்லும் இறுக்கத்தில், பூட்டலாம். அளவுக்கு மேல் திணித்தால் சூட்டில் விரிந்து பிரீதர் வழியாகவோ ஆக்சில் சீல் வழியாகவோ வெளியேறும். சீல் வழியாக வந்தால் பிரேக் லைனிங் நனைந்து வீணாகும். பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்க்க இதைவிட நல்ல சமயம் கிடையாது.

வடித்த எண்ணெயின் நிலை

வடிக்கும் பிளக்கின் காந்தத்தில் மென்மையான சாம்பல்நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலால் தேய்த்தால் நெருடக் கூடாது. ஊசிபோன்ற சிராய்கள் பேரிங் அல்லது பல்லின் மேற்பரப்பு உரிவதைக் காட்டும். பல்லின் துண்டு கிடைத்தால் பெட்டியைத் திறக்காமல் வண்டியை ஓட்டக் கூடாது. பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் நுழைந்திருக்கிறது. புது எண்ணெய் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடியும் மாற்றுவது வழக்கம், ஏனெனில் ஒருமுறை வடிப்பதில் ஈரம் முழுவதும் போவதில்லை. கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தால் சூடு மிஞ்சியிருக்கிறது. அளவு குறைந்து ஓடியதோ, ஓயாமல் பாரம் இழுத்ததோ, காரணம் எது என்பதை வடிந்த அளவை அளந்தால் ஓரளவு பிரித்தறியலாம்.

இந்தியாவில் பழைய எண்ணெய் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் வருகிறது. அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடம் சேர்ப்பிக்கும் பட்டறையில் கொடுத்துவிடலாம். பிரேக் ஆயிலையோ மண்ணெண்ணெயையோ அதே கேனில் கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு எடுக்கமாட்டார்கள்.