நெடும்பெட்டி மணிக்கூடும் அந்நியரின் கைவண்ணமும்

பழைய ஆங்கிலேய மாளிகைகளுள் நுழைவோர், கூடத்தின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேலெழுந்து நிற்கும் மணிக்கூட்டைக் காணாது திரும்புதல் அரிது. ‘பாட்டனார் மணிக்கூடு’ என்று அதனை அழைப்பர். அமெரிக்கரான ஹென்றி கிளே வேர்க் 1876ஆம் ஆண்டில் வெளியிட்ட பாடலொன்றினாற் பரவிய பெயர் அது. தொழில் அறிந்தோர் வழங்கும் பெயர் நெடும்பெட்டி மணிக்கூடு என்பதாகும். ஆங்கிலேயரின் தனிச்சொத்தாகக் கருதப்படும் இப்பொருளின் பிறப்பை ஆராய்வோமாயின், அதன் பின்னே புலம்பெயர்ந்தோரின் வரலாறு மறைந்திருத்தலை நாம் காண்போம்.

16ஆம் நூற்றாண்டில், ஸ்பானிய ஆட்சியின் சமயக் கொடுமைக்கு அஞ்சிய பிளெமிய மக்கள் பலர் கடல்கடந்து இங்கிலாந்தை அடைந்தனர். 1565இல் நோர்விச் நகரம் நெசவுத்தொழிலை வளர்க்கும் பொருட்டு 30 குடும்பங்களை வரவழைத்தது. எனினும், ஊரவர் அவர்களை ‘அந்நியர்’ என்றே அழைத்தனர். அந்நகரிலே, பிளெமிய வழிவந்த குடும்பமொன்றில், 1607இல் பிறந்தவர் அகாசுவேரஸ் புரொமன்ரீல்.

அவர் தொழில் நாடிச் சென்ற இலண்டனோ அந்நியரை விரும்பி ஏற்கவில்லை. வெளிநாட்டார் தம் பிழைப்பைக் கெடுப்பதாக உள்ளூர் மணிக்கூட்டுக் கைவினைஞர் 1622இலேயே மன்னரிடம் முறையிட்டிருந்தனர். 1631இல் அரச பட்டயம் பெற்று அவர்களது சங்கம் நிறுவப்பட்டது. புரொமன்ரீலுக்கும் அச்சங்கத்துக்கும் இடையே பிணக்குகள் பல எழுந்தன.

இந்நிலையில், 1656இல் ஒல்லாந்து அறிஞர் கிறிஸ்ரியான் ஹைகன்ஸ் ஊசல் மணிக்கூட்டைக் கண்டறிந்தார். அதுவரை நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வரை பிழைத்த மணிக்கூடு, இதனால் ஒரு நிமிடத்துக்குட்பட்ட பிழையுடன் ஓடலாயிற்று. ஹைகன்ஸின் மணிக்கூட்டை ஹேக் நகரில் அமைத்த சலமன் கொஸ்ரரிடம், 1657இல் தம் மகன் ஜோனைப் பணிக்கு அனுப்பினார் புரொமன்ரீல். மகன் கற்றுவந்த வித்தையைக் கொண்டு, 1658இல் ஊசல் மணிக்கூடுகளை இலண்டன் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். இங்கிலாந்தில் ஊசல் மணிக்கூடு விற்பனைக்கு வந்தது இவ்வாறே.

ஆரம்பத்து ஊசல்கள் குறுகியவை; அகல வீசியாடுபவை. ஏறக்குறைய 1670இல் நங்கூர வடிவான தடுப்பான் தோன்றியது. அதனைக் கண்டவர் வில்லியம் கிளெமென்ரா, ரொபேர்ட் ஹூக்கா என்பதில் அறிஞர் முரண்படுவர். இத்தடுப்பானால் ஊசலின் வீச்சு சில பாகைகளாகச் சுருங்கியது. ஆகவே, ஏறத்தாழ 39 அங்குல நீண்ட ஊசலையும் ஒடுங்கிய பெட்டிக்குள் அடக்க முடிந்தது. அவ்வூசலின் ஒரு வீச்சுக்கு ஒரு விநாடி. தடுப்பானோடு பொருந்தும் சக்கரத்திற்கு 30 பற்கள். வீச்சொன்றுக்கு அரைப்பல் நகர்ந்து, 60 வீச்சில் அது ஒரு சுற்றை முடிக்கும். விநாடி முள்ளை அதனுடனேயே பூட்டினர். ஈயக் குண்டுகளின் பாரமே எல்லாவற்றையும் இயக்கும். வாரத்துக்கொரு தடவை சாவி கொடுத்தாற் போதும்.

முகப்பிலே ஒருவரது பெயரே பொறிக்கப்பட்டிருப்பினும், உழைத்த கைகள் பல. பித்தளையை வார்ப்பவர் ஒருவர். எண்வளையத்தைச் செதுக்குபவர் இன்னொருவர். ஓக் மரப்பெட்டியின் மேல் மெல்லிய வால்நட் பலகையை ஒட்டி அழகு செய்யும் தச்சர் வேறொருவர். இக்கலையை உச்சிக்கு உயர்த்தியவர் தோமஸ் ரொம்பியன். கொல்லரின் மகனாகப் பிறந்த அவர், 1676இல் கிறீனிச் வானாய்வு நிலையத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்தால் ஓராண்டு ஓடும் மணிக்கூடுகளை அமைத்தார். 1713இல் மறைந்த அவரது உடல் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

1685இல் பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹூகனோ மக்களுள்ளும் மணிக்கூட்டுக் கைவினைஞர் பலர் இலண்டன் வந்தனர். பிழைப்பைப் பறிப்பவர் என்று ஏசப்பட்டோரின் வழிவந்தோரும் சேர்ந்து ஆக்கிய பொருளே இன்று இந்நாட்டின் பெருமையாக நிற்கின்றது. அந்நியச் சொல் கேட்டு மனம் சோரும் நம்மவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஏச்சு காலத்தோடு மறையும்; செம்மையாகச் செய்த வேலையோ மூன்று நூற்றாண்டு கடந்தும் ஓடிக்கொண்டிருக்கும். நம் பிள்ளைகளுக்கு நாம் எத்தொழிலைக் கற்பித்தாலும், இவ்வுண்மையையும் உடன் கற்பிப்போமாக.