காலனிக்கு வந்த வானொலிப் பெட்டி

பிழைப்பை நாடி வடபுலம் வந்த நம் முன்னோர், கட்டிலும் பீரோவும் வாங்கிய பின்னர், சிறுகச் சேர்த்த பொருளில் விரும்பி வாங்கியது வானொலிப் பெட்டியே.

சென்னையில் 1924-ஆம் ஆண்டு ஆர்வலர் சங்கமொன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பொருள் முட்டுப்பாட்டால் அது நின்றுவிடவே, 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் எழுந்தன.

அந்நாளில் பெட்டி வாங்கினால் மட்டும் போதாது; உரிமமும் வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் பதிந்துகொள்ளல் வேண்டும். அம்முறை 1980-களில் நீங்கிற்று.

எம் தந்தையார் தவணையில் வாங்கிய பெட்டி, வால்வுகள் சூடேறிய பின்னரே வாய் திறக்கும். தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வரும் வேளையில் அண்டை வீட்டாரும் எம் தாழ்வாரத்தில் கூடுவர். நாங்கள் 'பழம்' என்பதைப் 'பளம்' என்றால், "வானொலியைக் கேட்டுச் சொல்" என்பார் அன்னையார். பள்ளியில் தமிழ் பயிலாத எமக்கு அதுவே தமிழாசான்.

இன்று கைதோறும் கைப்பேசி. கேட்பவை மிகுந்தன, கூடிக் கேட்டல் குறைந்தது. நம் மக்களுக்கும் தமிழ் கற்பிக்கும் பள்ளி அருகிலில்லை. ஆதலின் அன்பர்களே, நாள்தோறும் கால்மணி நேரமேனும் அவர்களோடு அமர்ந்து தமிழ்ச் செய்தி கேட்போமாக! அதற்குப் புதுப் பொருள் எதுவும் வாங்க வேண்டுவதில்லை.