வசவைப் பாட்டாக்கிய லாஸ் க்ரூடோஸ்

பங்க் இசை என்றாலே வெள்ளைக்கார இளைஞர்களின் கோபம் என்று நினைக்கும் தோழர்கள் லாஸ் க்ரூடோஸைக் கேட்க வேண்டும். 1991இல் சிகாகோவின் பில்சன் பகுதியில் உருவான ஹார்ட்கோர் குழு அது. மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்த உழைக்கும் குடும்பங்கள் நிறைந்த பகுதி பில்சன். பாடகர் மார்ட்டின் சொரோண்டெகி உருகுவேயில் பிறந்தவர்.

பாட்டுகள் ஸ்பானிஷில்தான். பலவும் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டாது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மார்ட்டின் நின்று பேசுவார். ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பள்ளியையும் மருத்துவத்தையும் மறுக்கும் முன்மொழிவு 187ஐ, 1994இல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் வெற்றிபெறச் செய்த காலம் அது. பேசாமல் எப்படி இருக்க முடியும்?

லத்தீன் அமெரிக்கர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை வைத்து இவர்களை ‘அந்தக் குழு’ என்று ஏசினார்கள். குழு அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்துப் பாட்டுப் போட்டது. அதை மட்டும் ஆங்கிலத்தில் பாடினார்கள். ஏசியவனுக்குப் புரிய வேண்டுமே!

பெரிய கம்பெனி எதையும் இவர்கள் நம்பியிருக்கவில்லை. மார்ட்டின் ‘லெங்குவா அர்மாதா’ என்ற சொந்த வெளியீட்டகம் நடத்தினார். ஆயுதமேந்திய நாக்கு என்று பொருள்.

1998இல் குழு கலைந்தது. தன்பாலின ஈர்ப்பாளரான மார்ட்டின், பிறகு அதை வெளிப்படையாகப் பாடும் லிம்ப் ரிஸ்ட் குழுவில் சேர்ந்து பாடினார். இனவெறியை எதிர்த்துக் கைதட்டிய கூட்டத்திலும் இதற்கு முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். நம் கூட்டங்களிலும் அந்த முகங்களைப் பார்க்கிறேன். அமெரிக்காவின் லத்தீனோ பங்க் வரலாற்றையும் 1999இல் அவரே ஆவணப்படமாக எடுத்தார். வேறு யாரும் எழுதுவார்கள் என்று காத்திருக்கவில்லை.