என் கொழுப்பு, என் கண், அப்புறம் என்ன?

ஸ்டெம் செல் ஊசின்னு பேச்சு வந்தாலே ஒருத்தர் கேப்பார்: "நம்ம உடம்புல எடுத்து நமக்கே போடுறாங்க. இதுல என்னங்க ஆபத்து?" அமெரிக்காவில் இந்தக் கேள்வி பல வருஷம் கோர்ட்டில் கிடந்தது. அந்தக் கதைதான் இது.

2001-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விதி வகுத்தது. எடுத்த திசுவைப் பெரிதாக மாற்றக்கூடாது. உடம்பில் அது பார்த்த அதே வேலைக்குத்தான் போடணும். மீறினால் அது மருந்து. சோதித்துக் காட்டி அனுமதி வாங்கணும். கூடவே ஒரு விலக்கு: ஒரே ஆபரேஷனில் எடுத்து அதே ஆளுக்குத் திரும்ப வைத்தால் இந்த விதிகள் பொருந்தாது.

கொலராடோவில் ஒரு கிளினிக் எலும்பு மஜ்ஜை செல்லை லேபில் வளர்த்து மூட்டில் போட்டது. அது மருந்துதான் என்று 2014-ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. வளர்த்தால்தானே வம்பு? தொப்பைக் கொழுப்பை உறிஞ்சி, என்சைம் போட்டுப் பிரித்து, அன்னைக்கே ஊசி போடும் கிளினிக்குகளுக்கு அந்த விலக்கு வசதியாப் போச்சு.

2015-ல் ஃப்ளோரிடாவில் விழித்திரைத் தேய்மானம் உள்ள மூன்று பெண்கள், 72 முதல் 88 வயது வரை, ஆளுக்கு 5,000 டாலர் கட்டி கண்ணில் இந்த ஊசி போட்டுக்கிட்டாங்க. ரெண்டு கண்ணிலும் ஒரே நாளில்! ஒழுங்கான ஆராய்ச்சியில் காசும் வாங்கமாட்டாங்க, ரெண்டு கண்ணையும் ஒரேயடியாத் தொடவும் மாட்டாங்க. ரத்தக்கசிவு, விழித்திரை பிரிதல் என்று ஆகி மூணு பேருக்கும் பார்வை போயிற்று. 2017-ல் கண் மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஊசியில் போன செல்கள் தழும்பு மாதிரி சுருங்கி விழித்திரையை இழுத்திருக்கலாம் என்பது ஒரு சந்தேகம்.

2018-ல் எஃப்.டி.ஏ. ஃப்ளோரிடாவிலும் கலிஃபோர்னியாவிலும் வழக்குப் போட்டது. ஃப்ளோரிடாவில் 2019-ல் ஜெயித்தது. 2021-ல் அப்பீலிலும் அதே தீர்ப்பு. கலிஃபோர்னியாவில் 2022-ல் தோற்று, 2024-ல் அப்பீலில் ஜெயித்தது. கொழுப்பை உடைத்துப் பிரித்த பிறகு அது எடுத்த அதே பொருள் இல்லை என்பதுதான் சாரம்.

இதோட முடிஞ்சுதான்னா, இல்லை. 2025-ல் அதே ஃப்ளோரிடா மாநிலம், எஃப்.டி.ஏ. அனுமதிக்காத ஸ்டெம் செல் சிகிச்சையை எலும்பு மூட்டு, வலி, புண் ஆகியவற்றுக்கு நிபந்தனைகளோடு தரலாம் என்று சட்டம் போட்டது. கண் அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால யாராவது "உங்க செல்தாங்க" என்று ஆரம்பித்தால் மூணு கேள்வி கேளுங்க. அதை என்ன பண்ணி எடுக்கிறீங்க? எங்க போடுறீங்க? முன்னாடி யாருக்குப் போட்டு என்ன ஆச்சு?